சாய்ந்து நிற்கும் எழுத்து

சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு நடத்திக் கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் சீருடை கட்டாயமில்லை. ஆகவே, பிள்ளைகள் தத்தம் மனம் போல் உடுத்தி வந்திருந்தார்கள். முன் வரிசையில் இருந்த பையன் ஒருவன் கறுப்புப் பனியன் அணிந்திருந்தான். அதன் மார்பில் ஒரு சிவப்புக் கட்டம். கட்டத்துக்குள் வெள்ளை நிறத்தில், தடித்து, வலப்பக்கம் சற்றே சாய்ந்த ஆங்கில எழுத்துக்களில் 'சுப்ரீம்' என்ற ஒரே சொல்.

"இது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"பனியன், சார்" என்றான் அவன். வகுப்பு முழுவதும் சிரித்தது.

"பனியன் என்பது எனக்கும் தெரிகிறது. இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது, சார். பஜாரில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாரும் போடுகிறார்கள்."

அவ்வழியே சென்ற தமிழாசிரியர் சன்னலில் எட்டிப் பார்த்து, "ஏன் ஐயா, பையன் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து வருகிறானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடியும் ஒரு சிரிப்பு. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கியிருப்பேன். ஆனால், அந்தப் பையன் கதவின் பக்கம் கையை நீட்டி, "சார், நீங்கள் ஒட்டியிருக்கிற நோட்டீஸும் இதே மாதிரிதானே இருக்கிறது?" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. பள்ளி திறந்த முதல் வாரத்தில், கணினியில் எனக்குள்ள கைத்திறனைக் காட்டுவதற்காக நானே அமைத்து அச்சிட்டு ஒட்டிய அறிவிப்பு அது. 'தாமதமாக வருவோர் வெளியே நிற்கவும்.' சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து, தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து. இவ்விதம் அமைக்க வேண்டுமென்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. உரத்த குரலில் சொல்ல வேண்டிய விஷயம் என்று எண்ணினேன். கை தானாகவே அங்கே போயிற்று.

பஜார்ப் பனியனுக்கும் என் அறிவிப்புக்கும் பொதுவான தாய் யார் என்று அறியும் ஆவல் அன்றே என்னைப் பிடித்துக் கொண்டது. தேடிப் படித்ததில் கிடைத்த வரலாறு, நான் எதிர்பார்த்ததைவிட நீண்டது. அதில் ஓர் ஓவியர் வருகிறார். ஒரு கொடுங்கோல் ஆட்சி வருகிறது. எதிர்த்துப் பேசிய ஒரு பெண்மணி வருகிறார். முடிவில் கோடிக் கணக்கான டாலரும் வருகிறது.

மூன்று குணங்கள்

அச்சுத் தொழிலில் பழக்கமில்லாத நேயர்களுக்காக முதலில் சில விவரங்கள். ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து அதன் எழுத்துக்களை உற்றுப் பாருங்கள். கோடுகளின் தலையிலும் அடியிலும், பாதுகை அணிந்தாற்போல், சிறு குறுக்குக் கோடுகள் இருக்கும். இவற்றுக்கு 'ஸெரிஃப்' என்று பெயர். ரோமாபுரியில் கல்லில் வெட்டிய எழுத்துக்களிலிருந்து வழிவழியாக வந்த அணி இது. இந்தப் பாதுகையைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நிற்கும் எழுத்துக்கு 'ஸான்ஸ் ஸெரிஃப்' என்று பெயர். இவ்வகை அச்செழுத்து, லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816-ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் முதன்முதலாகக் காணப்படுகிறது. நான்காம் வில்லியம் என்றதும் அரசர் என்று எண்ணிவிட வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ஈயத்தைக் காய்ச்சி எழுத்து வார்த்த குடும்பத்தவர் அவர்.

சாய்வு இதைவிடப் பழையது. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுஷியஸ் என்ற அச்சுக்காரர், பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞர் வெட்டிக் கொடுத்த சாய்வெழுத்தில், 1501-ஆம் ஆண்டு வர்ஜில் மகாகவியின் நூலைச் சிறிய அளவில் அச்சிட்டார். இத்தாலியில் பிறந்ததால் அதற்கு 'இட்டாலிக்' என்று பெயர் வந்தது. படித்தவர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தின் சாயல் அது. அந்நாளில் சாய்வு உரத்துப் பேசுவதற்காக ஏற்பட்டதன்று; புத்தகம் முழுவதுமே அந்த எழுத்தில்தான் இருந்தது. நேர் எழுத்துக்களின் நடுவே ஒரு சொல்லை மட்டும் சாய்த்து, 'இதைக் கவனி' என்று சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது.

தடிப்போ வியாபாரத்தின் குழந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் சுவர்களில் லாட்டரிச் சீட்டு விளம்பரமும் நாடக விளம்பரமும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக் கொண்டிருந்த காலத்தில், பருமனான எழுத்துக்கள் பிறந்தன. புத்தகத்தில் வாசகன் எழுத்தைத் தேடி வருகிறான். சுவரிலோ, போகிறவனை எழுத்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு உடல் வலிமை வேண்டாமா?

ஆகவே, தடித்த, சாய்ந்த, பாதுகையில்லாத எழுத்து என்பது மூன்று வெவ்வேறு காலங்களில் பிறந்த மூன்று குணங்களின் கூட்டு. பாதுகையின்மை எளிமையைக் காட்டும். தடிப்பு பலத்தைக் காட்டும். சாய்வு அவசரத்தைக் காட்டும். ஓடுகிறவன் உடலை முன்னே சாய்த்து ஓடுவது போல, இந்த எழுத்தும் அடுத்த கணத்தை நோக்கிப் பாய்கிறது. நிதானமாகச் சொல்ல வேண்டியதை இதில் சொல்ல முடியாது.

ஓவியர் ஒருவர் வரைந்த எழுத்து

பனியனில் இருந்த எழுத்தின் குடும்பப் பெயர் 'ஃபியூச்சுரா'. 'வருங்காலம்' என்று பொருள். அதைப் படைத்தவர் பால் ரென்னர் என்ற ஜெர்மானியர். 1878-ஆம் ஆண்டு பிறந்து ஓவியப் பயிற்சி பெற்ற இவர், மியூனிக் நகரத்தில் புத்தக அமைப்பை மேற்கொண்டு பல காலம் உழைத்தார். 1924-ஆம் ஆண்டுக் கோடையில், பதிப்பாளர் ஒருவர் அவரைச் சந்தித்து, இக்காலத்துக்கு ஏற்ற எழுத்து ஒன்று வேண்டுமென்று கேட்டார். ரென்னர் வரையத் தொடங்கினார். பிராங்க்பர்ட் நகரத்து பவுயர் எழுத்து வார்ப்புச் சாலை அந்தச் சித்திரங்களை ஏற்றுக்கொண்டு, பல சோதனைகளுக்குப் பிறகு, 1927-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

வட்டம், சதுரம், முக்கோணம் என்ற மூன்று வடிவங்களே ஃபியூச்சுராவின் அடிப்படை. தூரிகையின் வளைவோ பேனாவின் அழுத்தமோ இதில் தெரியாது. முதற் சித்திரங்களில் ரென்னர் துணிந்து விளையாடியிருக்கிறார். ஆங்கிலச் சிறிய 'ஆர்' எழுத்தை ஒரு கோடு, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி என்று மட்டுமே போட்டுவிட்டார்! பிறகு வாசகர்களின் கண்ணுக்கு இரங்கி வழக்கமான வடிவத்துக்குத் திரும்பினார்கள். பெரிய எழுத்துக்களில் மாத்திரம் ரோமாபுரிக் கல்வெட்டுக்களின் பழைய அளவுகள் அப்படியே குடிகொண்டிருக்கின்றன. வருங்காலம் என்று பெயரிட்டவர் இறந்த காலத்தை மறந்தவர் அல்லர்.

காம்பஸ் கருவியை வைத்து வட்டம் போட்டால் எழுத்து வந்துவிடும் என்று எண்ணினால் அது பிழை. கண் ஒரு விசித்திரமான நீதிபதி. ஒரே பருமன் உள்ள இரு கோடுகளில், படுக்கைக் கோடு தடித்தும் நிற்கும் கோடு மெலிந்தும் அதற்குத் தோன்றும். சரியான வட்டத்தைச் சதுரத்தின் பக்கத்தில் வைத்தால், வட்டம் சிறியதாகத் தோன்றும். இரு கோடுகள் கூடுகிற இடத்தில் கறுப்பு திரண்டு கட்டியாகத் தெரியும். இவற்றையெல்லாம் திருத்தி, கூடும் இடத்தில் கோட்டை மெலியச் செய்து, வட்டத்தை இம்மி அளவு பெருக்கினால்தான் 'இது சரியான வட்டம்' என்று கண் தீர்ப்புக் கூறும். எளிமையாகத் தோன்றுவதற்கு இவ்வளவு தந்திரம் வேண்டியிருக்கிறது!

சாய்ப்பது எளிதன்று

ஃபியூச்சுரா நிமிர்ந்த எழுத்தாகவே பிறந்தது. சாய்ந்த வடிவங்கள் பிறகு சேர்ந்தன. ஆல்டஸின் இட்டாலிக் எழுத்து வேறு, இது வேறு. அங்கே ஒவ்வொரு எழுத்தும் கையெழுத்தின் போக்கில் புதிதாகப் பிறந்தது. இங்கே நிமிர்ந்த எழுத்தே உருவம் மாறாமல் சாய்கிறது.

நிமிர்ந்ததைத் தள்ளிச் சாய்ப்பதில் என்ன வித்தை என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சீட்டுக்கட்டு ஒன்றை நிமிர்த்தி அடுக்கி, அதன் பக்கவாட்டில் தடித்த வளையம் ஒன்றை மையால் வரையுங்கள். பிறகு மேல் சீட்டுக்களை வலப்புறம் மெல்லத் தள்ளுங்கள். வளையம் சாயும், ஆனால், அழகாகச் சாயாது. மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் தடிக்கும். மேல் இடப்பக்கமும் கீழ் வலப்பக்கமும் மெலியும். நல்ல உடலுக்கு ஒரு பக்கம் வீக்கமும் மறு பக்கம் வாட்டமும் வந்தது போல் இருக்கும். எழுத்து எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கோளாறும் பெரிதாகத் தெரியும். ஆகவே, தடித்த சாய்வெழுத்து வரைகிறவர் சாய்த்த பிறகு மீண்டும் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்த வேண்டும். தடிப்பினால் எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை வெளி சுருங்கி அடைபடாமலும் காக்க வேண்டும்.

ஈய எழுத்தின் காலத்தில் இன்னொரு துன்பமும் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் நிற்கும். சாய்ந்த எழுத்தின் தலையோ காலோ கட்டைக்கு வெளியே நீட்டிக் கொண்டிருந்தால், அச்சு யந்திரம் அழுத்தும்போது அந்த நுனி ஒடிந்துவிடும். நீட்டாமல் அடக்கினால், எழுத்துக்களுக்கு இடையே இடைவெளி அகன்று சொல் சிதறும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் வார்ப்புக்காரரின் திறமை.

இனி, சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து என்பதன் இரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எழுத்தை அச்சிடுவதில்லை. சுற்றியுள்ள சிவப்பையே அச்சிடுகிறார்கள். எழுத்து என்பது மை படாத காகிதம். மையோ ஓரங்களில் சற்றுப் பரவும் இயல்புடையது. மெல்லிய பாதுகைக் கோடுகள் உள்ள எழுத்தானால், நாற்புறமிருந்தும் சிவப்பு மை வந்து அதை விழுங்கிவிடும். தடித்த, பாதுகையில்லாத எழுத்து மட்டுமே அந்த வெள்ளத்தில் தலை நிமிர்ந்து நிற்கும். அழகுக்காக அமைந்ததென்று நாம் எண்ணுகிற பல காரியங்களுக்கு அடியில் இப்படிப்பட்ட தொழில் நியாயம் இருக்கிறது.

எழுத்தின் மேல் வழக்கு

ஃபியூச்சுரா பிறந்த ஜெர்மனியில், எழுத்தைப் பற்றிய சண்டை ஏற்கெனவே இருந்து வந்தது. கோணல் மாணலான முனைகளுடைய 'ஃப்ராக்டூர்' முதலிய கோதிக் எழுத்துக்களே உண்மையான ஜெர்மானிய எழுத்து, ரோமன் எழுத்து அயலாருடையது என்று ஒரு கட்சி. இருபதாம் நூற்றாண்டில் உலகத்தோடு பேச வேண்டுமானால் ரோமன் எழுத்தே தக்கது என்று மற்றொரு கட்சி. இவ்விதச் சண்டை அறிஞர்களிடையே நடக்கும் வரையில் நல்லதுதான். அதில் போலீஸ்காரர் வந்து புகுந்தபோது நிலைமை மாறிற்று.

ரென்னர் அப்போது மியூனிக்கில் அச்சுக் கலைப் பள்ளியின் தலைவர். என்னைப் போல் ஓர் ஆசிரியர். 1932-ஆம் ஆண்டில், நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஜெர்மனியில் வெளியிட முடியாமல் அது ஸ்விட்ஸர்லாந்தில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்தான். 1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ரென்னரின் பள்ளியில் கற்பித்து வந்த யான் சிக்ஹோல்ட் என்ற பெயர் பெற்ற அச்சுக் கலைஞர் சிறையிலிடப்பட்டார். ஏப்ரல் மாதத்தில் ரென்னரையும் கைது செய்தார்கள். விடுதலை விரைவில் கிடைத்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சிக்ஹோல்ட் ஸ்விட்ஸர்லாந்துக்குச் சென்றுவிட்டார். ரென்னர் தேசத்தை விட்டுப் போகாமல், ஏரிக் கரையில் ஒரு சிற்றூரில் ஓவியம் வரைந்து காலங்கழித்தார்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் வேடிக்கை. எட்டு ஆண்டுகள் சென்றன. 1941-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, அதே நாஜி சர்க்கார் ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. கோதிக் எழுத்து ஜெர்மானியருடையதே அன்று, யூதர்களுடையது, இனி ரோமன் எழுத்தே தேசத்தின் எழுத்து என்று! வரலாற்று ஆதாரம் ஏதுமில்லாத பேச்சு அது. போரில் பிடித்த நாடுகளில் கோதிக் எழுத்தைப் படிக்க ஆளில்லை என்பதே காரணமாயிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அந்தச் சுற்றறிக்கை எழுதப்பட்ட காகிதத்தின் தலைப்பு எந்த எழுத்தில் அச்சாகியிருந்தது தெரியுமா? விலக்கப்பட்ட அதே கோதிக் எழுத்தில்தான்.

தாய்மொழியின் மேலும் அதன் எழுத்தின் மேலும் அன்பு வைத்த நாம் இதைச் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தன் எழுத்தை நேசிப்பது ஒன்று. அதைத் தடியாக எடுத்துப் பிறரை அடிப்பது வேறொன்று. நேசிப்பவன் எட்டு ஆண்டில் மாறமாட்டான். தடியெடுத்தவனோ, கைக்கு வாகான தடி வேறு கிடைத்தால் பழையதை எறிந்துவிடுவான்.

பதில் பேசிய பெண்மணி

ஃபியூச்சுரா கடல் கடந்து அமெரிக்கா சென்றது. அங்கே அதைக் கண்டு காப்பியடித்து வேறு பெயர்களில் வார்த்தவர்கள் பலர். பத்திரிகைகளும் விளம்பரக் கம்பெனிகளும் அதை வாரி அணைத்துக்கொண்டன. 1952-ஆம் ஆண்டில் இன்னும் பருத்த வடிவம் ஒன்று சேர்ந்தது. ரென்னர் 1956-இல் காலமானார். 1969-இல் அமெரிக்கர் சந்திரனில் இறங்கி விட்டு வந்த உலோகத் தகட்டில் செதுக்கியிருப்பது ஃபியூச்சுராவின் நிமிர்ந்த எழுத்துத்தான். சந்திரனில் சாய்வுக்கும் தடிப்புக்கும் அவசியமில்லை. அங்கே போட்டிக்கு வேறு விளம்பரம் கிடையாது.

பூமியில் அப்படியா? இந்தச் சோப்பை வாங்கு, இந்தக் காரை ஓட்டு, இந்த உடையில் நீ அழகாக இருப்பாய் என்று பத்திரிகைப் பக்கங்களெல்லாம் கட்டளையிட்டுக் கொண்டிருந்தன. அந்தப் பக்கங்களை அமைக்கும் தொழிலில் இருந்தவர் பார்பரா க்ரூகர். 1945-ஆம் ஆண்டு நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் பிறந்து, நியூயார்க்கில் மாதர் பத்திரிகை ஒன்றில் பக்க அமைப்பாளராக வேலை பார்த்தவர். படத்தை எப்படி வெட்டுவது, சொல்லை எங்கே வைத்தால் கண் நிற்கும் என்ற சூட்சுமங்களை அங்கே கற்றுக்கொண்டார். கற்ற வித்தையை 1980-களில் கற்பித்தவர்களுக்கு எதிராகவே திருப்பினார்.

பழைய பத்திரிகைகளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்; அதன் மேல் சிவப்புப் பட்டை; பட்டையில் ஃபியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்தில் ஒரு சிறு வாக்கியம். இதுவே அவருடைய பாணி. பார்ப்பதற்கு விளம்பரம் போலவே இருக்கும். கிட்டே போய்ப் படித்தால், விற்கிறவனுடைய குரல் அன்று அது, விற்கப்படுகிறவளுடைய குரல் என்று தெரியும். பொருள் வாங்குவதனாலேயே மனிதன் தன்னை மனிதனென்று எண்ணிக் கொள்கிறான் என்று பரிகசிக்கும் சித்திரம் 1987-இல் வந்தது. கருவைச் சுமப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கே உண்டு என்று வலியுறுத்தி, 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி வாஷிங்டனில் மாதர்கள் பெரும் ஊர்வலம் நடத்தினார்கள். பெண்ணின் உடலே போர்க்களமாகிவிட்டதென்று கூறும் சித்திரத்தை க்ரூகர் அந்த ஊர்வலத்துக்காகவே அமைத்தார். ஒரு பெண்ணின் முகம் நடுவே பிளந்து, ஒரு பாதி இயல்பாகவும் மறு பாதி ஒளியும் நிழலும் மாறிய நெகட்டிவாகவும் இருக்கும். முகத்தின் மேல் அந்தச் சாய்வெழுத்து.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சித்திரங்களில் ஒரு கூடுதல் சுவை உண்டு. க்ரூகரின் வாக்கியங்களில் 'நான்', 'நீ', 'நாம்' என்ற சொற்களே ஆட்சி செய்கின்றன. ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒரே சொல். 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும் ஒரே சொல். ஆகவே, பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், 'நாம்' என்ற கூட்டத்தில் பார்க்கிறவருக்கு இடம் உண்டா இல்லையா என்பது அங்கே மறைந்தே இருக்கிறது. தமிழில் பெயர்க்க முயன்று பாருங்கள். 'உன் உடல்' என்பதா, 'உங்கள் உடல்' என்பதா? 'நமக்கு' என்பதா, 'எங்களுக்கு' என்பதா? ஒவ்வொரு தடவையும் நாம் ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும். நம் மொழி இந்த விஷயத்தில் ஒளிந்து கொள்ள இடம் தருவதில்லை.

கட்டத்துக்குள் ஒரு சொல்

இனிப் பனியனுக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில், சக்கரப் பலகையில் சறுக்கி விளையாடும் இளைஞர்களுக்காக ஜேம்ஸ் ஜெபியா என்பவர் ஒரு கடை திறந்தார். கடையின் பெயர் 'சுப்ரீம்'. பெயருக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. க்ரூகரின் சித்திரப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது; சிவப்புக் கட்டமும் தடித்த சாய்வெழுத்தும் அப்படியே கடையின் முத்திரையாயின. இந்தக் கடன் மறைக்கப்பட்டதும் அன்று. 'வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற மயக்கத்தைப் பரிகசித்த எழுத்து, வாங்கச் சொல்லும் எழுத்தாகத் தன் பழைய உத்தியோகத்துக்கே திரும்பிவிட்டது.

2013-ஆம் ஆண்டில் இன்னும் ஒரு திருப்பம். பெண்களுக்கான உடை விற்கும் வேறொரு சிறு கம்பெனி, 'சுப்ரீம்' என்ற சொல்லோடு பெண்களை இழிவாகக் குறிக்கும் வசைச்சொல் ஒன்றை எகத்தாளமாகச் சேர்த்து, அதே சிவப்புக் கட்டத்தில் முன்பே பனியன் வெளியிட்டிருந்தது. 'சுப்ரீம்' கம்பெனியார் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். தாம் ஒருவரிடமிருந்து எடுத்ததைத் தம்மிடமிருந்து வேறொருவர் எடுத்ததற்காக வழக்கு! பத்திரிகைக்காரர் ஒருவர் க்ரூகரின் அபிப்பிராயத்தைக் கேட்டார். வெற்று மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதனுடன் இணைத்திருந்த கோப்புக்கு அவர் இட்ட பெயர் 'மூடர்கள்'. வழக்குச் சமரசத்தில் முடிந்தது.

2020-இல் 'சுப்ரீம்' கம்பெனியை வேறொரு பெரிய உடைக் கம்பெனி 210 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2024-இல் அது 150 கோடி டாலருக்கு மீண்டும் கைமாறிற்று. இவ்வளவு பணத்தில் ரென்னரின் எழுத்துக்கு என்ன பங்கு, க்ரூகரின் பாணிக்கு என்ன பங்கு என்று கணக்கிட்டுச் சொல்வார் யார்? அமெரிக்கச் சட்டப்படி எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அது நியாயந்தான். எழுத்தின் வளைவுக்கு ஒருவர் வேலி கட்டத் தொடங்கினால் பிறகு நாம் எதைக் கொண்டு எழுதுவது?

தமிழாசிரியர் கேலியாகக் கேட்டது இங்கே எனக்கு நினைவுக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி, அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, கருவைக் கலைத்துக்கொள்ளும் உரிமையைத் தேசம் முழுவதற்கும் உறுதி செய்திருந்த 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்துச் செய்தது. 1989-இல் எந்த உரிமைக்காக அந்தச் சாய்வெழுத்து வீதியில் இறங்கிற்றோ, அந்த உரிமை பல ராஜ்யங்களில் பறிபோயிற்று. ஒரு சொல் கோர்ட்டின் வாசலிலும் இருக்கிறது. பையனின் மார்பிலும் இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய சித்திரம் மட்டும் பழசாகவே இல்லை.

கதவில் இருந்த அறிவிப்பு

அடுத்த சனிக்கிழமை, பாடம் முடிந்த பிறகு, இந்தக் கதையைச் சுருக்கமாக வகுப்பில் சொன்னேன். பனியன்காரப் பையன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதைப் போடக் கூடாதா, சார்?" என்றான்.

"தாராளமாகப் போடு. ஆனால், உன் மார்பில் இருந்து கொண்டு யார் பேசுகிறார் என்று தெரிந்து கொண்டு போடு" என்றேன்.

அவனுக்கு உபதேசம் செய்தாயிற்று. எனக்கு யார் செய்வது? என் அறிவிப்பு கதவிலேயே இருந்தது. சற்று நேரம் அதை அயலான் போல நின்று பார்த்தேன். அமைப்பிலேயே அது அவலட்சணமாக இருந்தது. நம் தமிழெழுத்தில் சாய்வு என்பது பரம்பரையாக வந்ததன்று. கணினி, சீட்டுக்கட்டைத் தள்ளுவது போல் எழுத்தைத் தள்ளிவிடுகிறது. கையால் திருத்துவார் இல்லை. 'நிற்கவும்' என்ற சொல்லில் மேல் விலங்கு அடுத்த எழுத்தின் தலையில் போய் இடித்துக் கொண்டிருந்தது. அதைவிட அவலட்சணம் அதன் குரல். அது யார் குரல்? நாற்பது பிள்ளைகளைப் பார்த்து நான் ஒருபோதும் அந்தக் குரலில் பேசியதில்லை. பேச மனம் வராததை எழுத்தின் கையில் கொடுத்து, அதைக் கத்தச் சொல்லியிருக்கிறேன். கூச்சமுள்ளவர்களுக்கும் கோழைகளுக்கும் தடித்த சாய்வெழுத்து மிகவும் வசதியானது.

அன்று மாலையே அதைக் கிழித்தெடுத்தேன். வெள்ளைக் காகிதத்தில், சாதாரண எழுத்தில், நிமிர்ந்த எழுத்தில், 'நேரத்தில் வாருங்கள். தாமதமானால் காரணத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்' என்று எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை, வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குப் பிறகு, ஒரு மாணவி வந்தாள். புதிய காகிதத்தை அவள் பார்க்கவில்லை. வழக்கம்போல் வாசலுக்கு வெளியே, சுவரோரமாய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். சிவப்புப் பட்டை போய்விட்டது; அதன் குரல் இன்னும் அவள் காதில் இருந்தது போலும்.

"உள்ளே வா, அம்மா. ஏன் தாமதம்?" என்று கேட்டேன்.

"தம்பியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன், சார். அம்மா காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள்" என்றாள்.

பள்ளி திறந்தது முதல் வாரத்தில் இரண்டு நாளாவது அவள் அப்படி வெளியே நின்றிருக்கிறாள். நான் ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை. கதவில் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்ட பிறகு, கேட்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.